ஏழு மணிக்கு மேல் அணைந்துபோகும் கணினி

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஆறு வருடமாக ரைசன் 3 2200ஜி பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் போட்ட கணினிதான். 4கே வீடியோவுக்கு அது திணறியது. அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில் போன மாதம் ரைசன் 5 5600 பிராசசரும், செகண்ட் ஹேண்டில் ஒரு ஆர்டிஎக்ஸ் 3060 கார்டும் வாங்கிப் போட்டேன். முதல் நாள் டிஸ்ப்ளேயே வரவில்லை. கடையில் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்ததும் வந்தது. உடனே எஃப்டிபிஎம் என்று ஏதோ கேட்டது. ஒய் அழுத்தினேன். அதற்கப்புறம் விண்டோஸ் என் பின் நம்பரை ஏற்கவில்லை, பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ளே போனேன். இப்போது எக்ஸ்போர்ட் கொடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பட்டென்று அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆகிறது. நீலத் திரை வருவதில்லை. பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கு மேல்தான் இப்படி. ஒரு நாள் மதியம் அதே எக்ஸ்போர்ட் முழுதாக முடிந்தது. பிராசசர் சூடு 82 டிகிரி காட்டுகிறது. ஒரு கடையில் கார்டு போய்விட்டது என்கிறார்கள், இன்னொரு கடையில் மதர்போர்டை மாற்று என்கிறார்கள். விண்டோஸை இரண்டு முறை மாற்றிப் போட்டாயிற்று. வைகாசி முகூர்த்த ஆர்டர்கள் கையில் இருக்கின்றன. எதை மாற்றுவது ஐயா? கேபினெட்டை உள்ளும் புறமும் எடுத்த நான்கு படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, இன்னும் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். கார்டையும் விற்காதீர்கள். உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால், கையில் இருக்கும் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கணினியிலிருந்து பிடுங்கித் தனியாக வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தால் டிஸ்க்கில் இருக்கும் கோப்புகள் கெடக்கூடும். பிராசசர் போனால் வேறு வாங்கலாம். ஒரு பெண்ணின் தாலி கட்டும் நேரத்தை மறுபடி எடுக்க முடியாது. இந்தக் காப்பி வேலையைப் பகலிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்து உங்கள் மூன்றாவது படம். அதில் கிராபிக்ஸ் கார்டின் 8 பின் வாயில் ஒரு கன்வெர்டர் கேபிள் மாட்டியிருக்கிறது. அதன் மறுமுனை இரண்டாகப் பிரிந்து, இரண்டு சாட்டா பவர் வாய்களில் போய்ச் சேர்கிறது. அந்த இரண்டில் ஒன்றின் ஓரத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் நேராக இல்லை, மெழுகு இளகினாற்போல லேசாக வளைந்திருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாசனைகூட வரும் என்று நினைக்கிறேன். அந்த கேபிளை இன்றே கழற்றிவிடுங்கள். இனி எந்தக் கணினியிலும் அதை மாட்டாதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். சாட்டா பவர் இணைப்பு ஹார்டு டிஸ்க்குக்காகச் செய்தது. அதில் 12 வோல்ட் தரும் பின் மூன்று, ஒவ்வொன்றும் தாங்குவது ஒன்றரை ஆம்பியர். ஆக ஒரு வாய்க்கு நாலரை ஆம்பியர், அதாவது 54 வாட். இரண்டு வாய் சேர்ந்தாலும் 108தான். கார்டில் இருக்கும் 8 பின் இணைப்போ 150 வாட் வரை இழுக்கலாம் என்ற கணக்கில் செய்தது. உங்கள் 3060 முழு வேலையில் 170 வாட் சாப்பிடும். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரலாம், மிச்சம் ஏறக்குறைய 100 வாட் இந்தக் கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். அதாவது கேபிள் எப்போதும் தன் விளிம்பிலேயே நிற்கிறது. அதிலும் கிராபிக்ஸ் கார்டு சீராக இழுக்காது, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான நேரத்துக்கு 170ஐத் தாண்டி எகிறி இறங்கும். போதாததற்கு இரண்டு சாட்டா வாயும் ஒரே ஒயரில் வரிசையாகத் தொங்குகின்றன, அதே ஒயரில் உங்கள் ஹார்டு டிஸ்க்கும் இருக்கிறது.

இப்போது நான்காவது படம், எஸ்எம்பிஎஸ் மேல், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கிறது. கேபினெட் வாங்கும்போது கூடவே வந்தது என்று நினைக்கிறேன். அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே கட்டம் கட்டமாக இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே 18 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் வேலை செய்வது முழுக்க முழுக்க இந்த 12 வோல்ட்டில்தான். உங்கள் கணினியைப் பொறுத்தவரை அது 450 வாட் எஸ்எம்பிஎஸ் அல்ல, 216 வாட் எஸ்எம்பிஎஸ்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டுக்கு 170. புது பிராசசர் முழு வேகத்தில் 75 வாட் சுற்றி. போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 40 வைத்துக்கொள்ளுங்கள். 280ஐத் தாண்டுகிறது. பழைய 2200ஜியில் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில், 65 வாட் கணக்கில் இருந்தன. மொத்தக் கணினியும் நூறு வாட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் அந்த எஸ்எம்பிஎஸ் ஆறு வருடம் முனகாமல் ஓடியது. ஒரு ஆள் உட்கார்ந்து போன டிவிஎஸ் 50யில் இப்போது மூன்று மூட்டை நெல் ஏற்றியிருக்கிறீர்கள்.

பிரவுசர், யூடியூப், டைம்லைனில் வெட்டி ஒட்டும் வேலையில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அதில் கார்டு பாதிகூட விழித்துக்கொள்வதில்லை. எக்ஸ்போர்ட் கொடுத்ததும் பிராசசர், கார்டு இரண்டும் ஒரே நேரத்தில் முழு வேகம் எடுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை வெட்டிவிடும், அல்லது 12 வோல்ட் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். எப்படியானாலும் உங்களுக்குத் தெரிவது பட்டென்ற இருட்டு.

சரி, ஏன் ஏழு மணிக்கு மேல்? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி இதுதான். இரண்டு கடைக்காரர்களிடமும் இதைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சூட்டினால் அணைகிறது என்றால் சித்திரை வெயிலில், நம் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும் மதியம் இரண்டு மணிக்கு அணைய வேண்டும். உங்களுக்கு மதியம் எக்ஸ்போர்ட் முழுதாக முடிந்திருக்கிறது. மாலை ஏழு மணிக்குத் தெருவில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். எல்லா வீட்டிலும் விளக்கு, ஃபேன், ஏசி, மோட்டார் ஒன்றாக ஓடும். வோல்டேஜ் இறங்கும். உங்கள் எஸ்எம்பிஎஸ் முதுகில் ஒரு சிறு சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறது, இரண்டாவது படத்தில் தெரிகிறது. 115, 230 என்று எழுதியிருக்கும். அந்த ஸ்விட்ச் இருப்பவை பெரும்பாலும் பழைய முறையில் செய்தவை. உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தால் அவற்றின் தெம்பும் குறையும். (அந்த ஸ்விட்சை விளையாட்டுக்குக்கூட 115 பக்கம் தள்ளிவிடாதீர்கள், நம் மின்சாரத்தில் வெடித்துவிடும்.) இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்களில் இந்த ஸ்விட்சே இருக்காது, 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளித்துக்கொள்ளும்.

அதோடு உங்கள் யுபிஎஸ். படத்தில் 600 விஏ என்று தெரிகிறது. அந்த அளவு யுபிஎஸ் வழக்கமாகத் தருவது 360 வாட்தான். உள்ளே 280 வாட் தேவைப்படும் கணினி, மலிவான எஸ்எம்பிஎஸ் வழியாகச் சுவரிலிருந்து 350, 360 வரை இழுக்கும், மானிட்டர் தனி. மாலையில் வோல்டேஜ் தள்ளாடி யுபிஎஸ் ஒரு நொடி பேட்டரிக்குத் தாவினாலும் அந்த லோடைத் தாங்காது. அணையும் தருணத்தில் யுபிஎஸ் ஒரு பீப் அடிக்கிறதா, இல்லை அது சும்மா இருக்க கணினி மட்டும் அணைகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். பீப் அடித்தால் யுபிஎஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

கடைக்காரர்கள் சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். சத்துவாச்சாரியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் கணினியைக் கொண்டு வந்தான், கேம் ஓட்டினால் அணைகிறது என்று. என் பட்டறையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் அப்பா கடன் வாங்கிப் புது போர்டு வாங்கினார். மூன்றாம் நாள் அதே பிரச்சினையோடு இருவரும் வாசலில் நின்றார்கள். எஸ்எம்பிஎஸ்தான் காரணம். போர்டுக்கான பணத்தை என் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அந்த அப்பாவின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து வேறொரு எஸ்எம்பிஎஸ் மாட்டி ஓட்டிப் பார்க்காமல் எந்தக் கார்டையும் எந்த போர்டையும் ‘போச்சு’ என்று நான் சொல்வதில்லை.

உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது, செலவில்லாமல். முதலில் விண்டோஸில் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் அணைந்த நேரத்தைப் பாருங்கள். கெர்னல் பவர், எண் 41 என்று சிவப்பில் இருக்கும். பலர் இதைப் பார்த்ததும் விண்டோஸ் கோளாறு என்று நினைத்து மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ‘முறையாக அணைக்காமல் மின்சாரம் போய்விட்டது’ என்பது மட்டும்தான் அதன் பொருள். அதைத் திறந்து விவரங்களில் பக்செக் கோடு என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றிருந்தால் விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று தெரியாது, தரையே நழுவிவிட்டது என்று அர்த்தம். அதே நேரத்தில் டபிள்யூஹெச்இஏ லாகர் (வன்பொருள் பிழையைக் குறிப்பது) என்ற பெயரில் பிழை இருந்தால் கதை வேறு. அப்போது பிராசசர், ரேம் பக்கம் பார்க்க வேண்டும், எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அடுத்து, யாரிடமாவது ஒரு ஜிடி 710 கார்டு கடன் வாங்குங்கள். 19 வாட் மட்டும் எடுக்கும் சின்னக் கார்டு, தனி பவர் கேபிளே வேண்டாம். பழைய கணினி வேலை பார்க்கும் எந்தக் கடையிலும் ஒன்று கிடக்கும். 3060ஐக் கழற்றி வைத்துவிட்டு அதை மாட்டுங்கள். மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும், போர்டில் அல்ல. 2200ஜி இருந்தவரை போர்டில் செருகிப் பழகியிருப்பீர்கள். ரைசன் 5 5600இல் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் போர்டில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ இப்போது வெறும் ஓட்டை. பிராசசர் மாற்றியவர்கள் பாதிப்பேர் இதில் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.

அப்படி மாட்டி, பிராசசரை மட்டும் முழு வேகத்தில் ஓட்டும் சோதனையை ஓசிசிடி போன்ற ஒரு மென்பொருளில் மதியம் ஒரு மணி நேரம், இரவு எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். இரண்டிலும் அணையாமல் நின்றால் பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றின் மீதும் இருந்த சந்தேகம் பெருமளவு போய்விட்டது. ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று கடைசிவரை தெரியாது.

பிறகு 3060ஐத் திரும்ப மாட்டுங்கள், ஆனால் கடன் வாங்கிய நல்ல எஸ்எம்பிஎஸ்ஸோடு. கேம் ஆடும் நண்பர் யாராவது இருப்பார். ஒரு வாரம் வேண்டாம், ஒரு மாலை போதும். எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கும்போது அதன் கேபிள்களையும் அதனுடையதாகவே வாங்குங்கள். கழற்றி மாட்டும் கேபிள்கள் ஒரு கம்பெனிக்கு ஒரு மாதிரி இருக்கும், வாய் பொருந்தும், உள்ளே ஒயர் மாறியிருக்கும். மாற்றிச் செருகினால் டிஸ்க் எரிந்துவிடும். அதேபோல பிராசசருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் பிளஸ், மைனஸ் நேர் எதிர். நான்கும் நான்குமாகப் பிரிந்தால் பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கார்டுக்கு. போகவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள்.

இரவு எட்டு மணிக்கு அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் எக்ஸ்போர்ட் முழுதாக முடிந்தால், விடை கையில். அப்போதும் அணைந்தால் யுபிஎஸ்ஸை விலக்கி நேராகச் சுவர் பிளக்கில் ஒரு முறை ஓட்டுங்கள். அணையாமல் திரை மட்டும் கருத்து, கார்டு ஃபேன் பேரிரைச்சலோடு சுற்றினாலோ, திரையில் வண்ணக் கோடுகள் வந்தாலோ, அப்போதுதான் கார்டைச் சந்தேகிக்கலாம்.

வாங்கும்போது வாட்டை மட்டும் கேட்காதீர்கள். 3060க்குத் தயாரிப்பாளர் சொல்வது 550 வாட். நான் 650 வாங்கச் சொல்வேன், நம் ஊர் வெயிலுக்கு மூச்சு விட இடம் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் சூடு பத்து டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரை, லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 40 ஆம்பியருக்கு மேல், கார்டுக்கான 8 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக, பில்லோடு வாரண்டி. இவ்வளவும் இருந்தால் பிராண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கணினியோடு கூட இலவசமாக வருவதை இனி வாங்கவே வேண்டாம். யுபிஎஸ்ஸை அடுத்த முகூர்த்தப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம். வாங்கினால் 1000 விஏவுக்குக் குறையாமல், முடிந்தால் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. 82 டிகிரி கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அணைவதற்குக் காரணம் அதுவல்ல. 5600க்கு எல்லை 90 டிகிரி, அதை நெருங்கினால் முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். உங்கள் அறை மாடியில் ஷீட் கூரைக்குக் கீழே என்றால் கேபினெட்டை ஜன்னல் பக்கம் நகர்த்தி, ஃபேனில் படிந்த தூசியைத் தட்டுங்கள். என்றாவது பிராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவே தடவிய பேஸ்ட்டை மாற்றினால், கணினியை ஐந்து நிமிடம் ஓட விட்டு அணைத்து, சூடு ஆறுவதற்குள் மெல்ல இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். அதன் அடியில் 1,331 பின்கள், ஊசியைவிட மெல்லியவை.

எஃப்டிபிஎம் கேள்விக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பிராசசருக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டகம் அது. பிராசசர் மாறியதால் பழைய பெட்டகம் போய், புதிது திறந்துவிட்டது. பின் நம்பர் அதற்குள் இருந்ததால் செல்லாமல் போனது. புது பின் ஒன்று வைத்துக்கொண்டால் போதும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால்தான் ஆபத்து, 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் டிஸ்க் திறந்திருக்காது. உங்களுக்குத் திறந்துவிட்டது. அடுத்த முறை பயாஸ் தொடும் முன் அந்தச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? அப்படியானால் பிளக்கில் எர்த் இல்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள், அப்படியே இரவு எட்டு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்றும் அளந்து எழுதி வையுங்கள்.

வைகாசி ஆர்டர்களுக்கு இப்படிச் செய்யுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் வரும்வரை 3060 பெட்டிக்குள் இருக்கட்டும். ஜிடி 710ஐ மாட்டி, எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட்டைக் கார்டை விட்டு பிராசசருக்கு மாற்றிவிடுங்கள். அந்த நிலையில் மொத்தமும் 150 வாட்டுக்குள் அடங்கும், உங்கள் பழைய எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும். நேரம் கூடுதலாகும், ஆனாலும் 2200ஜியில் பிடித்த நேரத்தைவிடக் குறைவுதான். எக்ஸ்போர்ட்டைக் காலையிலேயே போட்டுவிட்டு, மாலையில் வெட்டும் வேலையைப் பாருங்கள். உங்கள் ஊரில் ஜிடி 710 கிடைக்காவிட்டால் ரயிலேறி காட்பாடிக்கு வாருங்கள், என் பட்டறையில் இரண்டு சும்மா கிடக்கின்றன. ஒன்றை எடுத்துப் போய், உங்கள் ஊர் கங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்ததும் கொண்டுவந்து கொடுத்தால் போதும். வரும்போது அந்த உருகிய கேபிளையும் கொண்டு வாருங்கள், பட்டறைக்கு வரும் பையன்களுக்குக் காட்ட எனக்கு வேண்டும்.